அரக்கு நிறக் கதவுகள்

"எதுவானாலும் போடுங்க, உங்க இஷ்டம்" என்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிட்டுக் கன்னிகா எழுந்து உள்ளே போனாள். வேங்கடாசலத்துக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. புத்தூரில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த சேலையை மறுநாளே பஸ் ஏறிப்போய் மாற்றிக்கொண்டு வந்தவள் அவள். சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருக்கும் அவரிடமே, "இந்தப் பச்சையில மஞ்சள் தூக்கலா கீது, கண்ணத் தொறந்துகினுதான் போட்டீங்களா?" என்று கேட்டவள்.

கட்டில்மேல், கப்போர்டுக் கதவில் ஒட்டுகிற மைக்காவின் மாதிரித் துண்டுகள் ஒரு சங்கிலியில் கோத்துப் பரந்து கிடந்தன. புத்தூரிலிருந்து வந்திருந்த பிரபாகர், கப்போர்டு வேலைக்காரன், தெலுங்குக்காரன், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வேங்கடாசலத்தின் முகத்தைப் பார்த்தான்.

"ஏமண்ணா, அக்காவுக்குக் கோவமா? ஐவரி நல்லா இருக்குது. க்ரே கூட பாகுந்தி. கலர் சொன்னாத்தான் நான் பலகை அறுக்க முடியும்."

"அடுத்த வாரம் வாப்பா."

"அடுத்த வாரமும் இதே மாட்டதானா, இதே பேச்சுதானா?" என்று சிரித்துக்கொண்டே துண்டுகளைச் சுருட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, சங்கிலியைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் வீடு ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள். கரண்ட் போனால்தான் அங்கே பேசுவது காதில் விழும். ஐப்பசியில் பெய்த மழையில் சமையலறையின் வடக்குச் சுவர் ஊறிப்போய், மரத்தட்டெல்லாம் கரையான் பிடித்து, பருப்பு டப்பாவோடு ஒருநாள் கீழே சரிந்துவிட்டது. ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மகன் ஹரிபிரசாத், சுவரைப் பூசிப் புதுசாகக் கப்போர்டு போட்டுவிடலாம் என்றான். அவன் மனைவி மோகனப்ரியா போனில் நூறு சமையலறை காட்டினாள். எல்லாமே வெள்ளை. பழையதை எல்லாம் பெயர்த்தாகிவிட்டது. இப்போது அடுப்பு ஒரு மேஜைமேல், பாத்திரங்கள் அட்டைப்பெட்டிகளில்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வேங்கடாசலம் மெதுவாகக் கேட்டார். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் தட்டில் இருந்தன.

"ப்ரியா எதுனா சொல்லிச்சா உன்ன?"

"அது இன்னா சொல்லும்? தங்கமான பொண்ணு."

"அப்போ ஏன் வாயத் தொறக்க மாட்டேன்றே? அது வெள்ள கேக்குது. உனுக்குப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு."

"எனுக்கு எல்லாமே ஒண்ணுதாங்க. களி ஆறுது, துன்னுங்க."

அவள் சட்னிக் கிண்ணத்தை நகர்த்த நீட்டிய கையில் தண்ணீர்ச் சொம்பு பட்டு உருண்டது. "பூனை மாதிரி குறுக்கால நிக்குது இது ஒண்ணு" என்று சொம்பைத் திட்டிக்கொண்டே துடைத்தாள். வேங்கடாசலம் காலைத் தூக்கிக்கொண்டு களியை உருட்டி விழுங்கினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ப்ரியாவுக்குத் தோன்றியது அந்த வியாழக்கிழமை.

அவள் ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனிக்குப் போகிறவள். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். எட்டு மணி நேரம் விளக்கடியில் உட்கார்ந்து, போன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வியாழக்கிழமை வார லீவு. கார்த்திகைக் கடைசி, அவரைக்காய் வந்து குவிகிற காலம். முந்தின நாளே கொட்டையை ஊறப்போட்டு வைத்திருந்தாள் கன்னிகா. மாமியாரும் மருமகளும் பின்வாசலில் உட்கார்ந்து பருப்புப் பிதுக்கினார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் கொட்டையை வைத்து அமுக்கினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பருப்பு நீல பேசினில். தோல் பச்சை பேசினில்.

"அத்த, ஒரே கலர் உங்குளுக்குப் புடிக்கலையா? கீழ ஒண்ணு, மேல ஒண்ணு போடலாம்னு பிரபாகர் அண்ணன் சொன்னாரு."

"உனுக்குப் புடிச்சதப் போடு கண்ணு. நான் இன்னும் எத்தினி நாளிக்கு?"

"ஏன் அப்டி பேசறீங்க?"

பேச்சுக்கு நடுவில் ப்ரியா எழுந்து, பேசின்களில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு வந்தாள். திரும்பி வைக்கும்போது நீலம் இருந்த இடத்தில் பச்சையும் பச்சை இருந்த இடத்தில் நீலமும் மாறிப்போயிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கை அளவு பிதுக்கிப் போட்ட பிறகுதான் பார்த்தாள். கன்னிகாவின் விரல்கள் வேகமாக, தடுமாறாமல், தோலையெல்லாம் பருப்பின்மேல் போட்டுக்கொண்டிருந்தன.

ப்ரியா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு தோல் விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தது. பிறகு அவள் பார்வை அட்டைப்பெட்டிக்குப் போயிற்று. மிளகாய்த்தூள் டப்பாவில் ரப்பர் பேண்டு. தனியாத்தூள் டப்பாவில் நூல் சுற்றியிருந்தது. மஞ்சள் டப்பாவின் மூடியில் மட்டும் ஒரு துணி. தினமும் பார்க்கிறதுதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அத்த, தோல் பருப்புல விழுது."

கன்னிகாவின் கை நின்றது.

ப்ரியா பேசினைத் தூக்கிப் பிடித்தாள். "இது இன்னா கலரு?"

"இன்னாடி கேள்வி இது? பச்ச."

"நீலம் அத்த."

கன்னிகா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி நாளா?"

"போன ஆடியிலருந்து. மொதல்ல பக்கத்துல வர்ற வண்டி தெரியல. அப்பால கலரெல்லாம் சாம்பலாப் போச்சி. நேரா பாத்தா தெரியுது. ஓரத்துல கீறது தெரியல. செவப்பு தெரியும், வெள்ள தெரியும். நீலம், பச்ச, கறுப்பு எல்லாம் ஒண்ணுதான்."

"அடுப்பு?"

"நெருப்பு கண்ணுக்குத் தெரியல. அதுவும் நீலந்தானே. சத்தம் கேப்பேன். கைய நீட்டிப் பாப்பேன்." கன்னிகா இடது முழங்கைப் பக்கம் ஜாக்கெட்டைக் கொஞ்சம் ஏற்றினாள். ஆறிப்போன தீப்புண் இரண்டு இருந்தன.

"ஐயோ அத்த! ஏன் சொல்லல?"

"எங்க அம்மாவுக்கும் இப்டித்தான் ஆச்சி. கங்காதர நெல்லூர்ல எங்க அண்ணன் ஊட்ல இருந்தாங்க. கண்ணு போனதக்கூடப் பொறுத்துகினாங்க. எங்க அண்ணி ஒருநாள் கையில இருந்த கரண்டியப் புடுங்கிக்கினு, 'நீ இனிமே அடுப்புகிட்ட வராத'ன்னுட்டாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. எட்டு வருஷம் கட்டில்ல உக்காந்துகினு, வேற யாரோ தாளிக்கிற வாசனையப் புடிச்சிக்கினு இருந்தாங்க. எனுக்கு அது வாணாம் ப்ரியா. உங்க மாமாகிட்ட சொல்லாத."

ப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் விரலிலும் அவரைக்காய் வழவழப்பு.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுவீங்க. ஆனா நாளைக்கிலருந்து மூணு நாளு நான் லீவு போடறேன். திருப்பதிக்குப் போறோம். மைக்கா கடை பாக்கறோம்னு சொல்லிட்டுப் போலாம்."

மறுநாள் காலை ரயிலில் போனார்கள். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், அழைத்தார்கள், மறுபடி உட்காரவைத்தார்கள். கடைசியாக ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் அமுக்க வேண்டும். பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் திரையில் எந்தப் புள்ளி எரிகிறது என்பது ப்ரியாவுக்குத் தெரிந்தது. ஓரத்தில் ஒன்று எரிந்தது. கன்னிகாவின் கட்டைவிரல் அசையவில்லை. மேலே ஒன்று எரிந்தது. அசையவில்லை. "அமுக்குங்க அத்த" என்று சொல்லிவிட வேண்டும்போல் ப்ரியாவுக்கு இருந்தது. நடுவில் எரிந்தபோதுதான் அந்த விரல் அவசரமாக, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையைப் போல, அமுக்கியது.

டாக்டர் அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது என்றாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், காலையும் சாயங்காலமும் ஆயுசுக்கும் சொட்டு விட வேண்டும் என்றாள்.

"வண்ட செய்யச்சா?" என்று கன்னிகா தெலுங்கிலேயே கேட்டாள். சமைக்கலாமா என்பதுதான் அவளுக்கு வேண்டிய ஒரே கேள்வி.

டாக்டர் அம்மா சிரித்தாள். "செய்யண்டி. ஜாக்ரத்தகா செய்யண்டி."

திரும்பி வந்த ரயில் ஏகாம்பரகுப்பத்தில் நின்றபோது மணி நாலு. வேங்கடாசலம் ஸ்கூட்டரோடு வந்திருந்தார். வேட்டியில் பட்டறைச் சாயம். விரல் நகமெல்லாம் அன்றைக்குப் போட்ட ஊதா.

"கலர் பாத்தீங்களா? இன்னா எடுத்தீங்க?"

கன்னிகா பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். "இப்டி உக்காருங்க" என்றாள். ப்ரியா தண்ணீர் வாங்குகிற சாக்கில் தள்ளிப் போனாள். அங்கிருந்து பார்த்தபோது அவர்கள் பேசியது கேட்கவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டதும், பிறகு தன் இரண்டு கையையும் விரித்து அந்த ஊதா நகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததும்தான் தெரிந்தது.

"நூல்ல அரை ஷேடு கொறஞ்சாலும் நான் கண்டுபுடிச்சிருவேன்னு ஊரெல்லாம் பேரு" என்று வீட்டுக்கு வரும் வழியில் ஒருமுறை சொன்னார்.

ஹரி சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவன், விஷயத்தைக் கேட்டதும் அம்மாவின் கையைத் திருப்பிப் புண்ணைப் பார்த்தான். அடுத்த நிமிஷம் கத்தினான்.

"இனிமே நீ அடுப்புகிட்ட போவக்கூடாது. சொல்லிட்டேன். ஒரு ஆள வெப்போம். இல்லன்னா கடையில வாங்கித் துன்னுவோம். சேலையில புடிச்சிருந்தா இன்னாம்மா ஆவறது?"

"மெதுவா பேசுங்க" என்றாள் ப்ரியா.

"இன்னா மெதுவா? நீயும் சேந்து மறைச்சிருக்கே. நைனா, நீயாச்சும் சொல்லு."

வேங்கடாசலம் ஊதா நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கன்னிகா எழுந்தாள். முன்னறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பிரபாகர் விட்டுப்போன மைக்கா சங்கிலியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக விரலால் தடவினாள். மறுநாள் காலை ஹரி கடையிலிருந்து இட்லி வாங்கி வந்தான். அவள் ஒன்று சாப்பிட்டாள். மத்தியானம் ப்ரியாவின் சாம்பாரைச் சாப்பிட்டு, "நல்லா கீது கண்ணு" என்றாள். உப்பே போடாத சாம்பார் அது. அவள் அதைச் சொல்லாததுதான் ப்ரியாவை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேங்கடாசலம் எங்கேயோ கிளம்பிப்போனார். எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் சாயம் போட்ட நூல் சிட்டங்கள் கத்தை கத்தையாகத் தொங்கின. பட்டறையில் இருக்கிற நிறமெல்லாம் கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே பிரபாகர் பெரிய மைக்கா தகடுகளை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"இன்னா நைனா இது?" என்றான் ஹரி.

"நான் பட்டறையில இன்னா பண்ணுவேன் தெரியுமா? ஒரு கலர மட்டும் தனியா பாத்து நல்லா கீது, நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துல இன்னொண்ண மாட்டிப் பாப்பேன். அப்போதான் அது எழும்புதா, அமுங்குதான்னு தெரியும். இந்த வாரம் பூரா நாம இன்னா கேட்டோம் உங்க அம்மாவ? எது புடிக்குதுன்னு கேட்டோம். எது தெரியுதுன்னு ஒருத்தரும் கேக்கல."

சமையலறையில் குறுக்காகக் கயிறு கட்டினார். சிட்டங்களை இரண்டிரண்டாகத் தொங்கவிட்டார். கன்னிகாவைக் கூப்பிட்டு, மேடை வரப்போகிற இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் நிறுத்தினார்.

"எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குது, சொல்லு."

"சின்னப் பசங்க ஆட்டமா இது?"

"சொல்லேன்."

நீலமும் கறுப்பும் தொங்கின. "ஒரே துணி" என்றாள். சாம்பலும் பச்சையும். "அதுவும் ஒண்ணுதான்." சந்தனமும் வெள்ளையும். "வெளிச்சமா கீது. அவ்ளோதான்." வேங்கடாசலம் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டார். அவர் முகத்தில் பட்டறையில் இருக்கும்போது இருக்கிற அந்தச் சிடுசிடுப்பு வந்திருந்தது. ஆரஞ்சு, ரோஸ், காப்பி. பிறகு சந்தனத்துக்குப் பக்கத்தில் அரக்கு. பட்டுச் சேலைக்குக் கரை போடுகிற அந்த அடர்ந்த அரக்கு.

கன்னிகா கையை நீட்டினாள். இரண்டு நிறமும் சந்திக்கிற கோட்டில் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒரு நூல்கூட விலகவில்லை.

"இது தெரியுது" என்றாள்.

"மேடை சந்தனம், கீழ கதவு அரக்கு" என்றார் வேங்கடாசலம் பிரபாகரிடம். "மேடை எங்க முடியுதுன்னு அவளுக்குத் தெரியணும். பளபளப்பு இருக்கக்கூடாது."

"மேட் ஃபினிஷ் உந்தண்ணா, பளபளக்காது" என்றான் பிரபாகர். பிறகு யோசித்து, "ஸ்டீல் பாத்திரம் சந்தனத்துமேல தெரியாது அக்காவுக்கு. அதே அரக்குல ஒரு பலகை போட்டுத் தர்றேன். அதுமேல வெச்சா தெரியும்" என்றான். ப்ரியா ஒரு டம்ளரை அரக்குத் தகட்டின்மேல் வைத்தாள். கன்னிகா தடவாமல் நேராகப் போய் எடுத்தாள்.

"எல்லாம் சரி" என்றான் ஹரி. வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். "நெருப்புக்கு இன்னா பண்ணுவீங்க? அதான் தெரியலயே அவங்களுக்கு."

வேங்கடாசலம் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"பிரபாகர், ஒவ்வொரு தகடா பின்னால புடி. கிட்ட போவாத, மைக்கா பத்திக்கும்."

வெள்ளைத் தகடு வந்தது. "சத்தம் கேக்குது, தெரியல" என்றாள் கன்னிகா. சாம்பல் தகடு. தலையை ஆட்டினாள். பளபளக்கும் கறுப்பு. "ரெண்டு மூணா மின்னுது. எது நெஜம்னு தெரியல." பிரபாகர் அரக்குத் தகட்டை எடுத்துப் பிடித்தான்.

கன்னிகா கொஞ்சம் குனிந்தாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"அதோ" என்றாள்.

"இன்னா அதோ?"

"நெருப்புங்க. வெள்ளையா, வட்டமா, பல்லு பல்லா ஆடுது." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "அதப் பாத்து எத்தினி நாளாச்சி!"

வேங்கடாசலம் சத்தம் போடாமல் அடுப்பின் திருகைத் திருப்பி நெருப்பைக் குறைத்தார். "கொறச்சிட்டீங்க" என்றாள். ஏற்றினார். "ஏத்திட்டீங்க."

ஹரி வாசல்படியிலிருந்து இறங்கி வந்தான். அப்பாவை விலக்கிவிட்டுத் தானே திருகைப் பிடித்தான். குறைத்தான், ஏற்றினான், மறுபடி குறைத்தான். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். தறிச் சத்தத்தில் அடுப்பின் சத்தம் அமுங்கிப்போகிற நேரம் பார்த்து ஒரேயடியாக அணைத்தான்.

"அணச்சிட்டே" என்றாள். "ஏன்டா, எங்கிட்டயே வெளையாடறியா?"

ஹரி திருகைப் பிடித்தபடியே நின்றான். அப்புறம் தோட்டத்துப் பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். ப்ரியா பின்னால் போய் நின்றாள்.

"எனுக்குப் பயமா கீது ப்ரியா."

"எனுக்குந்தான். ஆனா கட்டில்ல உக்காந்தாங்களே ரெண்டு நாளு, அதப் பாத்தா இன்னும் பயமா இருந்திச்சி."

உள்ளே பிரபாகர் அளவு எழுதிக்கொண்டிருந்தான். அடுப்புக்குப் பின்னால் மைக்கா ஆகாது, அதே அரக்கில் டைல்ஸ் தேடிக் கொண்டுவருவதாகச் சொன்னான். வேங்கடாசலம் சிட்டங்களை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார்.

"ஏங்க" என்றாள் கன்னிகா. "சொட்டு போட்டும் நிக்காம, மீதியும் போயிடுச்சின்னா?"

"போவட்டும். அதுக்குள்ள உன் கையி எல்லாத்தையும் கத்துக்கும். கத்துக்கலன்னா நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"நீங்க நின்னா கொழம்பு உருப்பட்ட மாதிரிதான்."

டைல்ஸ் ஊரில் கிடைக்கவில்லை. பிரபாகர் ரேணிகுண்டாவரை அலைந்து வாங்கி வந்தான். வேலை முடிய மார்கழி பிறந்துவிட்டது. அரக்குக் கதவுகளைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். கல்யாண வீட்டு மேடைபோல் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். இவ்வளவு அடர்த்தி எதற்கு என்று இன்னொருத்தி கேட்டாள். "எனுக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா, அதான்" என்று கன்னிகா யாரும் எதிர்பாராதபடி பளிச்சென்று சொன்னாள்.

முதல் சமையல் ஞாயிற்றுக்கிழமை. ப்ரியாவும் லீவு போட்டிருந்தாள். கோழிக்குழம்பு ஒரு பக்கம் கொதித்தது. மறுபக்கம் களி. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிவிட்டுக் கன்னிகா களிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள். சேலையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். ஹரி வாசலில் வந்து நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவள் கை அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் கையும் தானாக எழுந்து இறங்கியது.

"யாரது வாசல்ல?"

"நான்தாம்மா. கோல நான் புடிக்கட்டா?"

"வெளிச்சத்த மறைக்காம அப்பால நில்லு."

ஹரி நகர்ந்தான். வெளியிலிருந்து மார்கழி வெயில் நேராக வந்து அரக்குக் கதவுகளில் விழுந்தது. அவன் கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். உள்ளே பாத்திரத்தில் கோல் மோதும் சத்தம், ப்ரியாவிடம் அவள் உப்பைக் கேட்கும் குரல், அடுப்பு அணையும் சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டன. கன்னிகா தண்ணீர் தொட்ட கையால் களியை உருட்டி, பலகைமேல் இருந்த தட்டில் சரியாக நடுவில் வைத்தாள்.

"ஹரி, உனுக்கு எத்தினி உருண்டை?"

எப்போதும் ஒன்றுக்குமேல் சாப்பிடாதவன் அவன்.

"ரெண்டும்மா" என்றான்.